உங்க ஊராட்சியோட காசு உங்க ஊராட்சி கையில இருக்கா? கணக்கைப் படிச்சு, சொந்த வருமானத்தைக் கூட்டி, கிராம சபையில கேக்குற வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

எங்க தெருவுல ஒரு லைட் ரெண்டு மாசமா எரியல. வார்டு மெம்பர்கிட்ட கேட்டா பிரசிடெண்ட்ட கேளுங்கன்னார், பிரசிடெண்ட்ட கேட்டா "ஊராட்சியில காசு இல்லம்மா"ன்னார். சரின்னு விட்டுட்டேன். அப்புறம் அக்டோபர் 2 கிராம சபையில கிளார்க் தம்பி வரவு செலவு வாசிக்கும்போது பாத்தா பேங்க்ல பல லட்சம் கையிருப்புன்னு வருது. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல, எந்திரிச்சு கத்திட்டேன். கூட்டம் முடிஞ்சதும் அந்தத் தம்பி என்னை உக்கார வச்சு பாஸ்புக்கைக் காட்டி பொறுமையா சொன்னப்ப தான் புரிஞ்சுது, ரெண்டு பேருமே பொய் சொல்லல. அந்தக் காசு முழுக்க குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப்போட்டு வந்த காசு, அதுல இருந்து ஒரு பல்பு வாங்க முடியாது. பல்பு வாங்க வேண்டிய கணக்குல ஒண்ணுமே இல்ல.

அன்னையில இருந்து நான் கேக்குற கேள்வியை மாத்திக்கிட்டேன். "எவ்வளவு காசு இருக்கு"ன்னு கேக்குறதில்ல, "யாரையும் கேக்காம நம்ம ஊரே முடிவு பண்ணி செலவழிக்கக்கூடிய காசு எவ்வளவு இருக்கு"ன்னு தான் கேக்குறேன். உள்ளாட்சி நிதி சுயாட்சின்னு பெருசா பேசுறாங்களே, அது ஊர் மட்டத்துல இந்த ஒரு கேள்வி தான். இந்த வழிகாட்டி தமிழ்நாட்டு கிராம ஊராட்சிக்காக எழுதுனது, பேரூராட்சி நகராட்சிக்கு சட்டமே வேற.

படி 1: சட்டம் என்ன குடுத்துருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க

நிறைய வேண்டாம், நாலு விஷயம் போதும். 73வது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்னைக்கு நடைமுறைக்கு வந்துச்சு. அதுல 243ஜி ஊராட்சிக்கு என்னென்ன வேலை அதிகாரம் குடுக்கலாம்னு சொல்லுது, கூடவே 11வது அட்டவணையில 29 துறை. 243எச் வரி போடுற அதிகாரத்தைப் பத்தி. 243ஐ அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ மாநில நிதிக்குழு அமைக்கணும்ங்குது. நம்ம மாநிலத்துக்கு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994.

இதுல ஒரு வார்த்தையை நல்லா கவனிங்க. 243ஜியும் சரி 243எச்சும் சரி, மாநில சட்டமன்றம் "குடுக்கலாம்"னு தான் சொல்லுது, "குடுக்கணும்"னு சொல்லல. தேர்தல் கட்டாயம், இடஒதுக்கீடு கட்டாயம், காசும் அதிகாரமும் மட்டும் மாநிலத்தோட விருப்பம். 30 வருஷமா நாடு முழுக்க ஊராட்சிகள் கையேந்தி நிக்கிறதுக்கு மூல காரணம் இதுன்னு தான் நான் நினைக்கிறேன். ரிசர்வ் வங்கி 2024 ஜனவரில ஊராட்சி நிதி நிலைமை பத்தி ஒரு அறிக்கை விட்டுச்சு, அதுல 2022-23ல ஒரு ஊராட்சி சராசரியா சொந்த வரியில சம்பாதிச்சது 21,000 ரூபா, வரி இல்லாத மத்த வருமானம் 73,000 ரூபா, ஆனா ஒன்றிய அரசு மானியம் மட்டும் 17 லட்சம்னு இருந்துச்சு. மொத்த வருமானத்துல சொந்த வரி வெறும் 1 சதவீதம். நூறு ரூபாயில ஒரு ரூபா தான் தன் சம்பாத்தியம்னா அந்த வீட்டுல யார் பேச்சு எடுபடும்னு நீங்களே சொல்லுங்க.

படி 2: காசு எந்தெந்த வழியா வருதுன்னு பிரிச்சுப் பாருங்க

ஒரு நோட்டு எடுத்து நாலு பத்தி போடுங்க.

முதல் பத்தி, சொந்த வருமானம். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர் கட்டணம், லைசென்ஸ் கட்டணம், கட்டட வரைபட அனுமதி கட்டணம், சந்தை குத்தகை, மீன் பாசி குத்தகை, மர ஏலம். இது உங்க ஊர் காசு. வீட்டு வரியோட நூலக வரின்னு ரூபாய்க்கு 10 பைசா சேத்து வாங்குவாங்க, அது ஊராட்சிக்கு இல்ல, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகணும், அதனால அதைக் கழிச்சுட்டு எழுதுங்க.

ரெண்டாவது, அரசு வசூல் பண்ணி நமக்குப் பங்கு தர்றது. பத்திரப்பதிவு பண்ணும்போது முத்திரைத் தீர்வையோட சேத்து வாங்குற கூடுதல் தீர்வை, கல் மண் கிராவல் எடுக்குற கனிமத்துக்கான உரிமத்தொகை இதெல்லாம். குவாரி இருக்குற ஊர்ல, நெலம் நிறைய கைமாறுற ஊர்ல இது கணிசமா வரும். ஆனா எப்ப வரும் எவ்வளவு வரும்ங்கிறது நம்ம கையில இல்ல.

மூணாவது, மாநில நிதிக்குழு மானியம், ஆபீஸ்ல எஸ்எஃப்சின்னு சொல்வாங்க. தமிழ்நாடு தன்னோட சொந்த வரி வருவாயில 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுத் தருது, முதல் நிதிக்குழு காலத்துல 8 சதவீதமா இருந்து படிப்படியா ஏறுனது. அந்த 10 சதவீதத்தை முதல்ல நகரம் கிராமம்னு பிரிச்சு, கிராமப் பங்கை மாவட்ட ஊராட்சி, ஒன்றியம், கிராம ஊராட்சின்னு மறுபடி பிரிச்சு, ஏறக்குறைய 12,500 ஊராட்சிக்குப் பங்கு போட்டா கடைசில வர்றது தான் நம்ம ஊருக்கு. நம்ம பக்கத்து கேரளா 1996 ஆகஸ்ட் 17 அன்னைக்கு மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சு, மாநிலத் திட்ட நிதியில 35லிருந்து 40 சதவீதத்தை உள்ளாட்சிக்குன்னு ஒதுக்குச்சு. அது திட்ட நிதி, நம்மளுது வரி வருவாய், ரெண்டையும் நேரா ஒப்பிட முடியாது தான், ஆனா திட்டத்தை ஊரே போடட்டும்னு முதல்ல காசைக் குடுத்துட்டு அப்புறம் பேசுனாங்க பாருங்க, அந்த வரிசை தான் முக்கியம்.

நாலாவது, ஒன்றிய நிதிக்குழு மானியம். 15வது நிதிக்குழு 2021-26க்கு கிராம உள்ளாட்சிகளுக்கு மொத்தம் 2,36,805 கோடி பரிந்துரை பண்ணுச்சு. பெரிய தொகை. ஆனா அதுல 60 சதவீதம் கட்டுண்ட நிதி: 30 குடிநீருக்கு, 30 சுகாதாரத்துக்கு. மிச்ச 40ஐ ஊர்த் தேவைக்கு செலவழிக்கலாம், அதுலயும் சம்பளம் மாதிரி நிர்வாக செலவுக்குக் கூடாது. 2026 ஏப்ரல்ல இருந்து 16வது நிதிக்குழுவோட காலம், அதனால கணக்கை எடுக்கும்போது எந்த வருஷத்துக் கணக்குன்னு பாத்துட்டுப் பேசுங்க.

இந்த நாலு பத்தியில முதல் பத்தியும், மூணாவதுல கரண்ட் பில் சம்பளம் போக மிஞ்சுறதும், நாலாவதுல கட்டுப்பாடு இல்லாத பங்கும் தான் ஊர் தானா முடிவெடுக்குற காசு. அதைத் தனியா வட்டம் போட்டு வையுங்க. கடைசி வரைக்கும் அந்த எண் தான் வேணும்.

படி 3: பேங்க் கணக்கு மூணையும் கேளுங்க

நம்ம ஊராட்சிகள்ல வழக்கமா மூணு கணக்கு. ஒண்ணாம் நம்பர் பொதுநிதி, சொந்த வரியும் மாநில மானியமும் இதுல. ரெண்டாம் நம்பர்ல மாநில மானியத்துல இருந்தே ஒரு பகுதியைத் தனியா எடுத்து வைப்பாங்க, மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்டுறதுக்குன்னே. மூணாம் நம்பர் திட்ட நிதி. இப்ப பணப்பட்டுவாடா எல்லாம் ஆன்லைனுக்கு மாறி கணக்குகளும் கூடியிருக்கு, ஆனா இந்தப் பிரிவினை மனசுல இருந்தா எதைக் காட்டுனாலும் புரியும்.

ரெண்டாம் நம்பர் கணக்கை மட்டும் லேசா விட்டுடாதீங்க. தெருவிளக்கு, போர் மோட்டார், டேங்க்குக்கு தண்ணி ஏத்துற மோட்டார் எல்லாத்துக்கும் பில் இதுல தான். நிறைய ஊர்ல ஒண்ணாம் நம்பர் காலியா கெடக்குறதுக்குக் காரணமே இதுதான், மானியம் வருது, வர்ற வேகத்துல கரண்ட் பில்லுக்கும் டேங்க் ஆபரேட்டர், தூய்மைப் பணியாளர் சம்பளத்துக்கும் போயிடுது. எந்த இணைப்புக்கு எவ்வளவு பில்னு இணைப்பு நம்பர் வாரியா ஒரு லிஸ்ட் கேளுங்க. எங்க ஊர் லிஸ்ட்டை எடுத்துப் பாத்தப்ப தண்ணியே வத்திப்போய் நாலு வருஷம் ஆன ஒரு போர் மோட்டார் இணைப்புக்கு மாசாமாசம் காசு போயிட்டிருந்துச்சு. யாரும் திருடல, யாரும் பாக்கல, அவ்வளவு தான். அந்த இணைப்பை ரத்து பண்ணுனதுல மிஞ்சுன காசுக்குத் தான் எங்க தெரு லைட் வந்துச்சு.

படி 4: போன்ல பாக்கக்கூடியதை போன்ல பாருங்க

இகிராம்ஸ்வராஜ்னு ஒன்றிய அரசு தளம் இருக்கு, 2020 ஏப்ரல் 24ல ஆரம்பிச்சது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, வருஷம் தேர்ந்தெடுத்தீங்கன்னா ஊராட்சியோட வளர்ச்சித் திட்டமும், நிதிக்குழு மானியத்துல என்ன வேலைக்கு எவ்வளவு போச்சுங்கிறதும் வரும். நீங்க கிராம சபையில கேட்ட வேலை திட்டத்துல ஏறியிருக்கான்னு இதுல தான் உறுதி பண்ணிக்கணும். ஒரு தடவ நாங்க தீர்மானம் போட்ட வாய்க்கால் வேலை அதுல இல்லவே இல்ல, நாங்க கேக்காத ரெண்டு வேலை இருந்துச்சு. பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

ஆனா சொந்த வரி விவரம் இதுல முழுசா இருக்கும்னு நம்பி உக்காந்துடாதீங்க. அதுக்கு ஊராட்சி ஆபீஸ் ரெஜிஸ்டர் தான். குடுக்க மாட்டேன்னா தகவல் உரிமைச் சட்டம் 2005ல 10 ரூபா கட்டணத்தோட, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்க, 30 நாள்ல பதில் தரணும். மனுவுல "எங்க ஊர் கணக்கு எல்லாம் குடுங்க"ன்னு எழுதாதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க. "இந்த நிதியாண்டுக்கான வீட்டு வரி கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல் நகல்"னு ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கேளுங்க.

படி 5: கேட்பு, வசூல், நிலுவை

உண்மையான வேலை இங்க தான் இருக்கு, கொஞ்சம் நேரம் எடுத்துப் படிங்க.

கேட்புன்னா இந்த வருஷம் எவ்வளவு வரி வரணும், வசூல்னா எவ்வளவு வந்துச்சு, நிலுவைன்னா பாக்கி. எல்லாரும் நிலுவையைத் தான் பாப்பாங்க, "பாருங்க 90 சதவீதம் வசூலாயிருச்சு"ன்னு ஆபீஸ்லயும் பெருமையா சொல்வாங்க. நீங்க கேட்பைப் பாருங்க. கேட்புப் பட்டியல்ல எத்தன வீடு இருக்கு, ஊர்ல நெசமா எத்தன வீடு இருக்கு? நாங்க நாலு பேர் ஒரு ஞாயித்துக்கிழமை மூணு தெருவை மட்டும் நடந்து எண்ணுனோம். மாடி கட்டியிருக்கு, ரெஜிஸ்டர்ல ஓட்டு வீடு. அண்ணன் தம்பி பிரிஞ்சு ரெண்டு வீடாகி பத்து வருஷம் ஆச்சு, ரெஜிஸ்டர்ல செத்துப்போன அப்பா பேர்ல ஒரே வீடு. ரோட்டோரம் வந்த கடைங்க குடியிருப்புன்னு இருக்கு. ஊர்ல 900 வீடு, பட்டியல்ல 600 வீடுன்னு வச்சுக்கோங்க, 600லயும் முழுசா வசூல் பண்ணிட்டு 100 சதவீதம்னு சொல்லிக்கலாம், அந்த 300 வீடு யார் கண்ணுக்கும் தெரியாது.

இங்க ஒண்ணு சொல்லணும். வரியைக் கூட்டுன்னு சொல்றது ஊர்ல யாருக்கும் பிடிக்காது, ஓட்டுப் போயிடும்னு எந்தத் தலைவரும் பக்கத்துல வர மாட்டார். நான் கூட்டச் சொல்லல. இருக்குற ரேட்டை எல்லாருக்கும் ஒரே மாதிரி போடுங்கன்னு தான் சொல்றேன். கூலி வேலைக்குப் போற அக்கா 100 ரூபா ஒழுங்கா கட்டி ரசீது வாங்கி வச்சிருக்காங்க, மூணு மாடி கட்டுனவங்க அதே 100 ரூபா கட்டுறாங்கன்னா அதை மாத்துறதுக்கு ஊரே ஒத்துக்கும். விபிடாக்ஸ்ங்கிற ஊராட்சி வரி கட்டுற அரசு தளத்துல ஆன்லைன்லயே கட்டலாம், வெளியூர்ல இருக்குறவங்ககிட்ட லிங்க் அனுப்புனாலே பாதி பாக்கி வரும்.

அடுத்தது தொழில் வரி. ஊராட்சி எல்லைக்குள்ள இருக்குற பள்ளிக்கூடம், பேங்க், மில்லு, தனியார் காலேஜ், கம்பெனி எல்லாத்துலயும் சம்பளம் வாங்குறவங்ககிட்ட பிடிச்சு அரையாண்டுக்கு ஒரு தடவ ஊராட்சிக்குக் கட்டணும். அரசியலமைப்புச் சட்டத்தோட 276வது பிரிவுப்படி ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல போகக்கூடாது. 1988ல 60வது திருத்தத்துல 250ல இருந்து 2,500 ஆக்குனாங்க, அன்னைக்கு வச்சது அப்படியே நிக்குது, தங்கம் எங்கயோ போயிருச்சு. இருந்தாலும் இருக்குறதை விடக்கூடாது. சும்மா ஒரு கணக்குக்கு, மேல் ஸ்லாப்ல வர்ற 50 பேர்னு வச்சு ஆளுக்கு 2,000 போட்டாலே வருஷம் 1 லட்சம், பல ஊருக்கு மொத்த வீட்டு வரியே அவ்வளவு வராது. சிக்கல் என்னன்னா ரெண்டு ஊராட்சி எல்லையில இருக்குற கம்பெனிங்க எங்க கட்டுறாங்கன்னே தெரியாது, சில சமயம் பக்கத்து பேரூராட்சிக்குக் கட்டிட்டு ரசீது வச்சிருப்பாங்க. சர்வே நம்பரோட எழுத்துல கேளுங்க.

செல்போன் டவர் இருந்தா அதையும் பட்டியல்ல எழுதுங்க, டவர்மேல கட்டட வரி போடுறதுக்கு இடம் உண்டுன்னு உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர்ல ஒரு குஜராத் வழக்குல சொல்லியிருக்கு. நம்ம ஊர்ல எந்த விதிப்படி, எவ்வளவுன்னு வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பிடிஓ (கிராம ஊராட்சி) ஆபீஸ்ல கேட்டு முடிவு பண்ணுங்க, நீங்களா ஒரு ரேட் சொல்லாதீங்க.

குத்தகை, ஏலம் இதெல்லாம் எப்ப நடந்துச்சு, யாருக்கு தண்டோரா போட்டாங்க, போன தடவ என்ன தொகை, இந்த தடவ என்ன தொகை. புளியமரம் ஏலத்துல ரெண்டு பேர் மட்டும் வந்து பேசி வச்சு எடுக்குறது ஊருக்குத் தெரிஞ்ச விஷயம் தானே. கூட பத்து பேர் போய் நின்னாலே தொகை ஏறும்.

2017ல ஜிஎஸ்டி வந்தப்ப விளம்பர வரி மாதிரி சிலது அதுக்குள்ள போயிருச்சு, கேளிக்கை வரிக்கு மட்டும் அந்த வருஷமே தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டு உள்ளாட்சிக்குன்னு வச்சுக்கிச்சு. ஊர் எல்லையில தியேட்டரோ பொழுதுபோக்குப் பூங்காவோ இருந்தா இதையும் விசாரிங்க.

இவ்வளவு சின்னச் சின்னக் காசைச் சேத்து என்ன ஆகப்போகுதுன்னு தோணும். மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறை ஊராட்சி 2006ல 350 கிலோவாட் காத்தாலை ஒண்ணை 1.55 கோடி ரூபாய்க்கு வாங்குச்சு. ஊராட்சி தன் சேமிப்புல இருந்து ஒரு பங்கு போட்டுச்சு, மிச்சத்துக்கு பேங்க் கடன். அந்தக் கரண்ட் ஊராட்சி தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு வித்து அந்த வருமானத்துலயே கடனையும் கட்டுனாங்க. அப்ப தலைவரா இருந்தவர் ஆர். சண்முகம். எல்லா ஊரும் காத்தாலை வைக்க முடியாது, நான் சொல்ல வர்றது வேற. அந்த ஊர்கிட்ட சொந்த சேமிப்புன்னு ஒண்ணு இருந்ததால தான் பேங்க் கதவைத் தட்டவே முடிஞ்சுது. மானியத்தை மட்டும் நம்பியிருந்தா எந்த பேங்க் மேனேஜர் உக்காரச் சொல்லியிருப்பார்?

படி 6: கிராம சபைக்குத் தயாராகுங்க

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு. எல்லாத்துலயும் எல்லாம் கேக்க முடியாது. அக்டோபர் 2 கூட்டம் அடுத்த வருஷத் திட்டத்துக்கு முக்கியமானது, அதுல திட்டம் கேளுங்க, கணக்கை ஆகஸ்ட் 15க்கே முடிச்சுடுங்க.

படிவம் 30னு ஒண்ணு இருக்கு, ஊராட்சியோட வரவு செலவு அதுல தான் வரும். அதை சபையில வாசிக்கணும், சுருக்கத்தை பேனர்ல வைக்கணும். பேனர் இல்லன்னா கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க, முடிஞ்சப்புறம் கேட்டா "அடுத்த தடவ"ன்னுடுவாங்க. உத்திரமேரூர் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலத்துது, 1,100 வருஷம் ஆச்சு. அதுல கணக்கு காட்டாம இருந்தவங்களும் அவங்க உறவுக்காரங்களும் குடவோலைக்கு நிக்கக் கூடாதுன்னு வெட்டி வச்சிருக்காங்க. அந்த மண்ணுல பிறந்துட்டு நம்ம ஊர்க் கணக்கு கேக்க நாம கூச்சப்படுறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்.

கோரம், அதாவது கூட்டம் செல்லுறதுக்கு வேண்டிய குறைஞ்சபட்ச ஆள் எண்ணிக்கை, பாருங்க. 500 பேர் வரை மக்கள்தொகைக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதுக்கு மேல 300. ஆள் சேரலன்னா கூட்டமே செல்லாது, அதனால நூறு நாள் வேலைக்கு வர்ற பெண்கள்கிட்ட முன்கூட்டியே பேசி வையுங்க. அவங்க தான் நிஜமா வந்து உக்காருவாங்க, தண்ணி எந்தத் தெருவுல எத்தன நாளைக்கு ஒரு தடவ வருதுன்னு அவங்களுக்குத் தான் தெரியும்.

கேள்வியை பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. எங்க ஊர்ல நாங்க கேட்டது நாலு தான்: கேட்புப் பட்டியல்ல எத்தன வீடு? தொழில் வரி கட்டுன நிறுவனங்க எத்தன, பேர் என்ன? ஒண்ணாம் நம்பர் கணக்குல இன்னைய கையிருப்பு என்ன? நிதிக்குழு மானியத்துல கட்டுப்பாடு இல்லாத பங்கு எந்த வேலைக்குப் போச்சு? நிதானமா கேளுங்க, நான் முதல் தடவ மாதிரி கத்தாதீங்க, கத்துனா பதில் சொல்லாம தப்பிச்சுக்க வழி குடுத்தது மாதிரி ஆயிடும்.

படி 7: தீர்மானத்தை தீர்மானமாவே எழுத வையுங்க

"வீட்டு வரி குறித்து விவாதிக்கப்பட்டது"ன்னு எழுதுனா அது தீர்மானம் இல்ல. "வரும் டிசம்பர் 31க்குள் ஊராட்சியில் உள்ள எல்லா கட்டடங்களையும் மறு அளவீடு செய்து கேட்புப் பட்டியலைத் திருத்தி ஜனவரி 26 கிராம சபையில் வைக்க வேண்டும்"னு தேதியோட எழுதணும். கூட்டம் ஆரம்பிக்கும்போதே வருகைப் பதிவுன்னு வெத்து நோட்டுல கையெழுத்து கேப்பாங்க, வருகைப் பதிவு வேற, தீர்மானப் புத்தகம் வேற, எதுல போடுறோம்னு பாத்துப் போடுங்க. தீர்மானம் எழுதி வாசிச்சப்புறம் அந்தப் பக்கத்தை போன்ல போட்டோ எடுங்க.

படி 8: தீர்மானம் போட்டும் நடக்கலன்னா யார் தடுக்குறாங்கன்னு பாருங்க

தலைவர் செய்யலன்னு உடனே முடிவு கட்டாதீங்க. செக்குல தலைவரும் துணைத் தலைவரும் சேந்து கையெழுத்துப் போடணும், ரெண்டு பேருக்கும் ஒத்துவரலன்னா டேங்க் ஆபரேட்டர் சம்பளமே நிக்கும், அது பல ஊர்ல நடக்குது. வேலைக்கு எஸ்டிமேட் போடுற இன்ஜினியர் ஊராட்சி ஒன்றியத்து ஆள், ஊராட்சிக்குக் கட்டுப்பட்டவர் இல்ல. 1994 சட்டத்துலயே 202வது பிரிவு தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து பண்ணவும் கலெக்டருக்கு அதிகாரம் தருது, 205வது பிரிவுல தலைவரைப் பதவி நீக்க முடியும். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருத்தர் தலைக்கு மேல இத்தன கத்தி தொங்குனா அவர் எப்படி துணிஞ்சு முடிவெடுப்பார்? இது மாறணும், அதுக்கு சட்டமன்றத்துல பேசணும், உங்க எம்எல்ஏ ஓட்டு கேக்க வரும்போது இந்தப் பிரிவு நம்பரைச் சொல்லிக் கேளுங்க.

தேர்தலே நடக்கலன்னா நிலைமை இன்னும் மோசம். 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சு 2019 டிசம்பர் வரைக்கும் நம்ம ஊராட்சிகள்ல தேர்தல் இல்ல, ஒன்பது மாவட்டத்துக்கு 2021 அக்டோபர்ல தான் நடந்துச்சு, அந்த இடைவெளியில ஒன்றிய மானியமும் தமிழ்நாட்டுக்கு நின்னுச்சு. மறுபடியும் 2025 ஜனவரி 5 அன்னைக்கு 28 மாவட்டத்துல பதவிக்காலம் முடிஞ்சு நிர்வாகம் தனி அலுவலர், அதாவது தலைவருக்குப் பதிலா பொறுப்பு பாக்குற அரசு அதிகாரி கைக்குப் போச்சு. தனி அலுவலர் காலத்துலயும் கிராம சபை உண்டு, கணக்கு வாசிக்கணும், கேட்புப் பட்டியல் இருக்கணும். "தலைவர் இல்லையே, யாரைக் கேக்குறது"ன்னு வீட்டுல இருந்துடாதீங்க. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது போன கூட்டத்துல எடுத்த தீர்மான போட்டோவை பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போங்க, முதல் கேள்வியா அதுல இருக்குற தேதியைக் கேளுங்க.